மாப்பிள்ளைச் சொதிக்கு அட்டைப்பெட்டித் தேங்காய்ப்பால்: மூன்று ஒத்திகையும் ஒரு விருந்தும்

2024 ஆவணியில் எங்கள் திருமணத்தின் 25ஆம் ஆண்டு நிறைவு வந்தது. அன்றைய மதியச் சாப்பாட்டுக்கு என் மனைவியின் பிறந்த வீட்டுச் சொதியை நானே வைப்பது என்று ஒரு மாதத்துக்கு முன்பே முடிவு செய்துவிட்டேன். சொதியின் உயிர் தேங்காய்ப்பால். சென்னையில் நாங்கள் இருக்கும் அடுக்ககத்தில் தேங்காய் துருவுவதற்குப் பலகையும் இல்லை, எனக்கு அதில் பழக்கமும் இல்லை. எனவே கடையில் விற்கும் ஆயத்தத் தேங்காய்ப்பாலில் அட்டைப்பெட்டி, டின், பொடி ஆகிய மூன்று வகைகளையும் வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு முறை சொதி வைத்துப் பார்த்தேன். அந்த அனுபவத்திலிருந்து எழுதும் மதிப்புரை இது. நிறுவனங்களின் பெயரை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். ஒரே வகையில் இரண்டு நிறுவனங்களின் பெட்டிகளை வாங்கியபோது சுவையில் பெரிய வேறுபாடு எதையும் நான் காணவில்லை. வகைக்கு வகைதான் வேறுபாடு பெரிதாக இருந்தது.

சொதியை அறியாதவர்களுக்காக ஒரு சில வார்த்தைகள் சொல்ல வேண்டியிருக்கிறது. திருநெல்வேலிச் சைவப் பிள்ளைமார் வீடுகளில் திருமணத்துக்கு மறுநாள், மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பரிமாறும் குழம்பு இது. அதனால்தான் மாப்பிள்ளைச் சொதி என்ற பெயரும் வந்தது. தேங்காய்ப்பாலில் காய்கறிகளை வேகவைத்து, பாசிப்பருப்பைக் குழைத்துச் சேர்த்து, பச்சை மிளகாயும் இஞ்சியும் அரைத்து விட்டு, இறக்கி ஆறிய பிறகு எலுமிச்சம்பழம் பிழிவார்கள். மிளகாய்த்தூளோ மஞ்சளோ சேர்ப்பதில்லை. யாழ்ப்பாணத்திலும் சொதி என்றே ஒரு குழம்பு உண்டு என்றாலும், அது மஞ்சள் சேர்த்து நீர்க்க வைத்து இடியப்பத்துக்கு ஊற்றிக்கொள்ளும் அன்றாடக் குழம்பு. நெல்லைச் சொதியோ வெள்ளை வெளேரென்று, சோற்றில் ஊற்றினால் வழிந்தோடாத பதத்தில் இருக்கும். நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன். 1999இல் மறுவீட்டுப் பந்தியில் அமர்ந்து, இலையில் விழுந்ததை மோர்க்குழம்பு என்று எண்ணிக்கொண்டு முதல் கவளத்தை வாயில் வைத்த எனக்கு, அந்த இலையில் அதற்குப் பிறகு வந்த எதுவும் நினைவில் இல்லை. பக்கத்தில் வைத்திருந்த இஞ்சிப் பச்சடி மட்டும் நினைவிருக்கிறது. தேங்காய்ப்பால் வயிற்றில் கனத்துக் கிடக்கும் என்பதால் சொதி வைக்கும் நாளில் இஞ்சிப் பச்சடி இல்லாமல் அந்த வீட்டில் இலை போடமாட்டார்கள்.

இனிப் பாலுக்கு வருகிறேன். சொதிக்கு மூன்று பால் வேண்டும். துருவிய தேங்காயைச் சிறிதளவு வெந்நீர் விட்டு அரைத்துப் பிழிந்தால் வருவது கெட்டியான முதல் பால். அதே சக்கையை மீண்டும் நீர் விட்டு அரைத்துப் பிழிந்தால் இரண்டாம் பால். இன்னொரு முறை பிழிந்தால் மூன்றாம் பால். வதக்கிய காய்கள் மூன்றாம் பாலில் பாதி வெந்து, இரண்டாம் பாலில் முழுவதும் வெந்து, பருப்பும் சேர்ந்து கொதித்த பிறகு, அடுப்பைக் குறைத்துவிட்டு முதல் பாலை ஊற்ற வேண்டும். அதற்குப் பிறகு கொதிக்கவே கூடாது. பாத்திரத்தின் ஓரத்தில் வெண்ணுரை கிளம்பி நடுவை நோக்கிக் கூடி வரும்போது இறக்கிவிட வேண்டும். இதை அந்த வீட்டில் ‘பால் கூடுவது’ என்கிறார்கள். பாளையங்கோட்டையில் இருக்கும் என் மாமியாருக்கு வயது 78. இந்த விளக்கங்களில் எதையும் அவர் அளவுகளாகச் சொன்னதில்லை. எத்தனை தேங்காய் என்று கேட்டால் எத்தனை பேர் என்று திருப்பிக் கேட்பார். ஆகவே ஒத்திகைகள் மூன்றையும் காணொலி அழைப்பில் அவருக்கு முன்னாலேயே நடத்தினேன்.

முதல் ஒத்திகை அட்டைப்பெட்டியில் நடந்தது. 200 மில்லி பெட்டி ஒன்றின் விலை 95 ரூபாய். ஆறு பேருக்கான சொதிக்கு மூன்று பெட்டிகள் தேவைப்பட்டன: ஒன்றை அப்படியே முதல் பாலாக வைத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்து இரண்டாம், மூன்றாம் பால்களாகக் கொண்டேன். பெட்டியின் முதுகில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்ததைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். தேங்காய்ச் சாறு, தண்ணீர், 412 என்ற எண்ணுடன் ஒரு கெட்டிப்படுத்தி, 435 என்ற எண்ணுடன், எண்ணெயும் நீரும் பிரியாமல் காக்கும் ஒரு பால்மமாக்கி என்று இருந்தது. 412 என்பது கொத்தவரை வகை விதையிலிருந்து எடுக்கும் பசை. ஆக, என் சொதியில் நான் போடாத ஒரு காய் எனக்கு முன்னதாகவே சேர்ந்திருந்தது. கொழுப்பு 100 மில்லிக்கு 17 கிராம் என்றிருந்தது. வாங்குபவர்கள் விலைக்கு முன்பாகப் பார்க்க வேண்டிய வரி இதுதான். பன்னாட்டு உணவுத் தரநிலையான கோடெக்ஸ் 2003இல் வகுத்தபடி, தேங்காய்ப்பால் என்ற பெயருக்குக் குறைந்தது 10 விழுக்காடு கொழுப்பு இருக்க வேண்டும். 20 விழுக்காட்டைத் தொட்டால் அது க்ரீம். ‘லைட்’ என்று விற்பதற்கு 5 விழுக்காடே போதும். கடையில் இம்மூன்றும் ஒரே நிறப் பெட்டியில் ஒரே தட்டில் அடுக்கப்பட்டிருக்கும். ‘லைட்’ என்பதைக் கவனியாமல் எடுத்து வந்தால் அது சொதிக்கு இரண்டாம் பாலாகக்கூடத் தேறாது.

ஊற்றும்போது பால் பார்ப்பதற்கு அருமையாகத்தான் இருந்தது. கட்டியில்லை, திப்பியில்லை, நிறம் பால்வெள்ளை. காய்கள் வெந்து, கடைசிப் பெட்டியையும் ஊற்றிவிட்டு, நுரை கூடுவதற்காகக் கரண்டியோடு காத்துக்கொண்டிருந்தேன். நுரை வரவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று பார்த்துக்கொண்டே இருந்தபோது குழம்பு ஓரத்தில் அசைவில்லாமலிருந்து, திடீரென்று நடுவில் ‘பொளக்’ என்று ஒரு குமிழி விட்டது. பிறகு கஞ்சி கொதிப்பதைப் போலப் பல குமிழிகள் கிளம்பின. திரையிலிருந்து அத்தை, “மாப்பிள, அது கூடலியே, கொதிச்சில்லா போச்சு” என்றார். அடுப்பை அணைத்தேன். ஆனால் வியப்பு என்னவென்றால், அவ்வளவு கொதித்தும் பால் திரியவில்லை.

ஏன் திரியவில்லை என்பதைத் தெரிந்துகொண்ட பிறகு, சுவை ஏன் அப்படி இருந்தது என்பதும் எனக்கு விளங்கியது. தேங்காய்ப்பால் என்பது நீரில் நுண்ணிய எண்ணெய்த் துளிகள் மிதக்கும் ஒரு கலவை. வீட்டில் பிழிந்த பாலில் அந்தத் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடாமல் தடுத்துக் காப்பது தேங்காயிலேயே இருக்கும் புரதம். ஏறத்தாழ 80 டிகிரி செல்சியசை எட்டும்போது அந்தப் புரதம் உறையத் தொடங்கி, துளிகள் கூடி எண்ணெய் தனியாகப் பிரிந்து, பால் திரிந்துவிடுகிறது. முதல் பாலைக் கொதிக்கவிடாதே என்ற பாட்டிமார் விதிக்கும், சூட்டோடு எலுமிச்சை பிழியாதே என்ற விதிக்கும் அடிப்படை இதுதான். புளிப்பும் அந்தப் புரதத்தை உறையவைக்கும். பெட்டிப் பாலில் துளிகளை இயந்திரத்தில் மிக நுண்மையாக உடைத்து, பசையையும் பால்மமாக்கியையும் சேர்த்துக் கட்டிவைத்திருக்கிறார்கள். ஆகவே அது கொதித்தாலும் குலைவதில்லை. மாதக்கணக்கில் கெடாமலிருக்க மிகுந்த வெப்பத்துக்கு உட்படுத்துவதால் பச்சைத் தேங்காயின் மணம் போய், காய்ச்சிய பாலின் வாடை ஒன்று தங்கிவிடுகிறது. பாயசத்தில் ஏலக்காயும் வெல்லமும் அந்த வாடையை மறைத்துவிடும். சொதியில் மறைப்பதற்கு எதுவுமில்லை. பசையால் வந்த கெட்டித்தன்மையும் நாக்கில் வேறுவிதமாகத்தான் படுகிறது. சொதி தொண்டையில் இறங்கிய பிறகும் மேலண்ணத்தில் ஏதோ பூசினாற்போல் நின்றது.

என் மனைவி ஒரு கரண்டி ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, “சொதி மாதிரி இருக்கு” என்றாள். 25 ஆண்டுகளில் அந்த ‘மாதிரி’க்குப் பொருள் தெரிந்துகொள்ளாமலா இருப்பேன்?

டின்னில் நடந்த இரண்டாம் ஒத்திகை சற்று மேலாக இருந்தது. 400 மில்லி டின்னை ஓர் இரவு குளிர்பெட்டியில் வைத்துத் திறந்தபோது, மேலே வெண்ணெய் போல உறைந்த கெட்டிப் பகுதியும் அடியில் நீர்த்த பகுதியும் தனித்தனியே நின்றன. தேங்காயின் கொழுப்பு 24 டிகிரி அளவிலேயே உறைந்துவிடும் என்பதால் இப்படி ஆகிறது. சிலர் இதைக் கெட்டுப்போனது என்று எண்ணித் தூக்கி எறிகிறார்கள், அது தேவையில்லை. மேற்பகுதியை வழித்தெடுத்து முதல் பாலாக வைத்துக்கொள்ளலாம் என்பது என் திட்டம். அது நன்றாகவே நடந்தது. நுரையும் ஓரளவு கிளம்பியது. சிக்கல் அடிப்பகுதியில்தான் இருந்தது. அதை இரண்டாம் பால் என்று நம்பிக் காய்களை அதில் வேகவைத்தேன். உருளைக்கிழங்கு வெந்தது, முருங்கைக்காய் வெந்தது, ஆனால் எதற்குள்ளும் தேங்காய் இறங்கவில்லை. வீட்டில் பிழியும் இரண்டாம் பாலுக்கு ஒரு மெல்லிய இனிப்பு உண்டு. காய் அந்த இனிப்பைக் குடித்துக்கொண்டுதான் வேகிறது. டின்னின் அடியில் இருந்ததோ முதல் பாலிலிருந்து பிரிந்த நீர். அது இரண்டாம் பாலின் இடத்தில் வந்து நின்றதே தவிர, அதன் வேலையைச் செய்யவில்லை.

பொடியைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. வெந்நீரில் கரைத்தால் கட்டி தட்டுகிறது, மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொடியைச் சேர்ப்பதால் மாவு மாவாக ஓர் இனிப்பு நிற்கிறது. நான் வாங்கிய பொடியில் சோடியம் கேசினேட் என்ற பசும்பால் புரதமும் இருந்தது; பாலை முற்றிலும் தவிர்ப்பவர்கள் உறையைப் படித்துவிட்டு வாங்க வேண்டும். அவசரத்துக்கு ஒரு பாயசம் வைக்க உதவும். சொதிக்கு வேண்டாம்.

இந்த மூன்று ஒத்திகைகளின் முடிவில் எனக்குத் தெளிவானது இது: ஆயத்தத் தேங்காய்ப்பால் முதல் பாலின் இடத்தில் ஓரளவு நிற்கும், இரண்டாம், மூன்றாம் பால்களின் இடத்தில் நிற்கவே நிற்காது. இதை அத்தையிடம் ஒரு கண்டுபிடிப்பைப் போலச் சொன்னேன். “ரெண்டாம் பால் வேணும்னா மொதப் பாலப் பிழிஞ்சுதான மாப்பிள ஆகணும், பொறவு அந்தப் பெட்டி என்னத்துக்கு?” என்று கேட்டார். சக்கையைப் பெறுவதற்கு முதல் பாலைப் பிழிந்தே தீர வேண்டும். முதல் பாலைப் பிழிந்துவிட்டால் பெட்டிக்கு வேலையில்லை. ஒரு மாத ஆராய்ச்சியை இரண்டு வரியில் முடித்துவிட்டார்.

ஆகவே ஆண்டு நிறைவு நாளன்று இரண்டு பெரிய தேங்காய்களை வாங்கினேன். அன்று ஒரு காய் 35 ரூபாய். மேசை விளிம்பில் பொருத்திக் கைப்பிடியைச் சுழற்றும் துருவி ஒன்றைப் பக்கத்து வீட்டிலிருந்து இரவல் பெற்றேன். ஓட்டை ஒட்டிய பழுப்புத் தோல் வரை துருவக் கூடாது, துருவினால் பால் மங்கிவிடும் என்பதால், வெள்ளை மட்டும் வரும்படி மூடியைத் திருப்பித் திருப்பித் துருவினேன். மிக்ஸியில் அரைத்து, துவைத்து வைத்திருந்த பழைய வேட்டித் துண்டில் முடிந்து முறுக்கியபோது, விரலிடுக்கில் வெதுவெதுப்பாகப் பால் இறங்கியது. அளந்து பார்த்தேன்: முதல் பால் 250 மில்லி, இரண்டாம் பாலும் மூன்றாம் பாலும் தலா 400 மில்லி. அத்தைக்கு இருபது நிமிட வேலை. எனக்கு ஐம்பது நிமிடமாயிற்று. பெட்டியைத் திறக்க அரை நிமிடம் போதும் என்பதை மறைக்காமல் குறிப்பிட்டுவிடுகிறேன். செலவில் மட்டும் பெட்டி தோற்றுப்போனது: மூன்று பெட்டிகளுக்கு 285 ரூபாய், இரண்டு தேங்காய்களுக்கு 70 ரூபாய்.

பெட்டியின் கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். காலை பதினொரு மணிக்கு என் மகள் தன் தோழியர் நால்வரையும் சாப்பாட்டுக்கு அழைத்திருப்பதாகச் சொன்னாள். ஆறு பேர் என்பது பத்துப் பேரானது. காய்களையும் பருப்பையும் கூட்டிவிடலாம். பாலுக்கு என்ன செய்வது? மீண்டும் தேங்காய் வாங்கித் துருவ நேரமில்லை. ஒத்திகைக்கு வாங்கியதில் மீந்த ஒரு பெட்டி அலமாரியில் இருந்தது. அத்தையிடம் கேட்காமலேயே முடிவெடுத்தேன். சக்கையை நான்காவது முறையும் பிழிந்து காய் வேகும் நீரைக் கூட்டிக்கொண்டேன். முதல் பால் 250 மில்லியோடு பெட்டிப்பால் 200 மில்லியையும் கலந்து வைத்துக்கொண்டேன்.

கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, பச்சைப் பட்டாணி, முருங்கைக்காய், முழுதாக உரித்த சின்ன வெங்காயம், தோலுரித்த பூண்டு ஆகியவற்றை நெய்யில் வதக்கி, பிழிந்த பால்களில் வேகவைத்தபோதே வீட்டின் மணம் மாறிவிட்டது. மற்ற ஒத்திகைகளில் இந்தக் கட்டத்தில் காய்கறி வாடை மட்டுமே வந்தது. கடைசியாகக் கலவைப் பாலை ஊற்றியபோது, ஓரத்தில் நுரை வளையமாகக் கிளம்பி, சற்றே தயங்கி, பிறகு நடுவை நோக்கி நகர்ந்தது. இறக்கி, சீரகமும் கறிவேப்பிலையும் முந்திரியும் தாளித்துக் கொட்டி, பாத்திரத்தைத் தொட்டால் கை பொறுக்கும் சூடு வந்த பிறகு ஒன்றரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன். இஞ்சிப் பச்சடியை முந்தின இரவே செய்துவைத்திருந்தேன். உருளைக்கிழங்கை மட்டும் மகள் காரமாக வறுத்தாள்.

என் மனைவி முதல் கவளத்தைச் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டு, “சொதிய இங்கிட்டு நகட்டுங்க” என்றாள். திருநெல்வேலியை விட்டு வந்து 25 ஆண்டுகள் ஆன பிறகும் வாய்க்குப் பிடித்தது கிடைத்தால் மட்டும் அவளுக்கு ஊர்ப்பேச்சு திரும்பிவிடும். உன்னிப்பாகக் கவனித்துச் சாப்பிட்ட எனக்கு மேலண்ணத்தில் அந்தப் பூச்சு மிக இலேசாகத் தென்பட்டது. பெட்டியின் பங்கு இருப்பதை அறியாத ஒன்பது பேரில் ஒருவரும் அதைக் குறிப்பிடவில்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு என் பரிந்துரை இது. தேங்காயே துருவாமல் சொதி வைக்கலாம் என்ற எண்ணத்தோடு அட்டைப்பெட்டியையோ டின்னையோ வாங்க வேண்டாம், ஏமாற்றமே மிஞ்சும். பிழிந்த முதல் பாலைக் கூட்டிக்கொள்ளும் துணையாக, பாதிக்கு மேற்படாத அளவில் பயன்படுத்துவதாக இருந்தால், 15 விழுக்காட்டுக்கு மேல் கொழுப்புள்ள 200 மில்லி பெட்டி ஒன்றை வீட்டில் வைத்திருப்பது பயனுள்ளதே. டின்னைவிடப் பெட்டியை நான் விரும்புவதற்குக் காரணம் அளவுதான்: 400 மில்லி டின்னைத் திறந்துவிட்டால் மீதியை வேறு பாத்திரத்துக்கு மாற்றிக் குளிர்பெட்டியில் வைத்து இரண்டு மூன்று நாளுக்குள் செலவழித்துவிட வேண்டும், எங்கள் வீட்டில் அது நடப்பதில்லை.

இன்னொரு நன்மையை அன்றிரவுதான் கண்டேன். வீட்டுப் பாலில் மட்டும் வைத்த சொதியை இரவில் சூடு செய்தால் பெரும்பாலும் எண்ணெய் பிரிந்து திப்பி திப்பியாகிவிடும். அதனால் அத்தை வீட்டில் மீந்த சொதியைச் சூடு செய்யும் வழக்கமே கிடையாது, ஆறியதையே ஊற்றிக்கொள்வார்கள். அன்று கிண்ணத்தில் மீந்திருந்த இரண்டு கரண்டிச் சொதியைச் சிறு தீயில் வைத்தேன். சூடேறியது, ஆவி வந்தது, திரியவில்லை. தோசை வார்த்துக்கொண்டிருந்த என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, “எங்கம்மா வச்சா இந்நேரம் பிரிஞ்சிருக்குமே, இதுல என்னத்தப் போட்டீங்க?” என்று கேட்டாள். காலிப் பெட்டியைக் குப்பைக்கூடையின் அடியில் வைத்து அதன்மேல் தேங்காய்ச் சக்கையைக் கொட்டியிருந்தேன். தோசை தீய்கிறது என்றேன்.